வயிற்றில் நீர் கோர்த்தபோது: அக்காவோடு ஆறு மாதங்கள்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சார், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் பேங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். இங்கே 96 வீடு இருக்கிறது, யாருக்காவது உதவும்" என்றார். அதனால்தான் நிற்கிறேன். சொல்லப்போவது என் அனுபவம். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். போன வருஷம் சாயந்திரங்களில் பி பிளாக் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைகளிடம் விடுகதை போடுவாள். வயது 71. அத்தான் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் சிங்கப்பூரில். மதுராந்தகத்தில் தனியாக இருந்தவளுக்கு முதுகுவலி, பசியின்மை, மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைவு. இதுவரை இல்லாத சர்க்கரை திடீரென்று வந்தது. சர்க்கரையால்தான் இளைக்கிறாள் என்று நினைத்தோம். ஜூன் மாதம் இங்கே அழைத்துவந்து ஸ்கேன் எடுத்தால், கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் பரவியிருந்தது.

"முன்னாலேயே கவனித்திருக்கக் கூடாதா?" என்று எல்லோரும் கேட்டார்கள். நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒளிந்திருக்கும் உறுப்பு. பெரும்பாலும் பரவின பிறகுதான் தெரியவரும். கோவா முதலமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். அமெரிக்கா வரை போய் சிகிச்சை எடுத்தார். 2019 ஜனவரி மாதம் மூக்கில் குழாயோடு சட்டசபையில் பட்ஜெட் படித்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மார்ச் 17 அன்று, 63 வயதில் காலமானார். அவ்வளவு வசதி உள்ளவருக்கே அப்படி. யார் வீட்டிலாவது இது வந்தால் தயவுசெய்து ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இரண்டு முறை கீமோ கொடுத்தார்கள். உடம்பு தாங்கவில்லை, நிறுத்தினோம். அதன் பிறகு ஆரம்பித்ததுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், "பாவாடை நாடா எட்டவில்லை" என்றாள். முகமும் கையும் எலும்பாகிக்கொண்டு வருகிறது, வயிறு மட்டும் பெரிதாகிறது. வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தோம். ஒரு வாரத்தில் படுத்தால் மூச்சு முட்டியது, இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிட்டது, கால் இரண்டும் வீங்கியது. மறுபடி ஸ்கேன் எடுத்ததில் வயிற்றில் நீர் கோர்த்திருப்பது தெரிந்தது. நம் பெரியவர்கள் மகோதரம் என்பார்கள். டாக்டர்கள் அசைட்டிஸ் என்கிறார்கள்.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

நான் கணக்குப் பார்த்தே பழகினவன். வயிற்றில் தண்ணீர் சேர்கிறது என்றால், வரவைக் குறைத்தால் இருப்பு குறையும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்காமல், அக்காவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்று ஒரு பாட்டில் அளந்து வைத்தேன். உப்பையும் நிறுத்தினேன். ரசம் கேட்டாள், இல்லை என்றேன். இந்த ராஜ்ஜியம் எட்டு நாள் நடந்தது. அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எட்டாவது நாள் என் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "அண்ணி வாய் கொப்பளிக்கிற தண்ணீரைத் துப்பாமல் விழுங்குறாங்க. நான் பார்த்தேன்" என்றாள்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பேலியேட்டிவ் கேர் டாக்டரம்மா பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் கூடினாலும், வயிற்றுச் சவ்வில் புற்றுநோய் பரவினாலும் நீர் கசியும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தால், ரத்தத்தால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சாப்பிட முடியாதவர்களுக்கு இந்தப் புரதமும் குறைந்துவிடும். அக்காவுக்கு மூன்றுமே இருந்தது. குடிக்கிற தண்ணீரை நிறுத்தினால் கசிவு நிற்காது. உடம்பு வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படும், அவ்வளவுதான். ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும் டாக்டரே தண்ணீரைக் குறைக்கச் சொல்வார். "இந்த நிலைமையில் அவங்க சாப்பிடுறதே இரண்டு வாய். அதையும் உப்பில்லாம ஆக்காதீங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மிளகு ரசம் வைத்தாள். அக்கா டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "உன் பேங்க்ல வித்ட்ராயலுக்கு லிமிட் எடுத்தாச்சாடா?" என்றாள். அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இனி நீர் எடுக்கும் விஷயம்.

சிலருக்கு நீர் பிரியும் மாத்திரையிலேயே குறையும். ஈரல் ரத்தக்குழாய் அழுத்தத்தால் வருகிற நீருக்கு அது ஓரளவு கேட்கும். சவ்வில் பரவியதால் வருகிற நீருக்கு அவ்வளவாகக் கேட்காது. அக்காவுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தலைசுற்றல்தான் வந்தது. பிறகு ஊசிக்குழாய் வைத்து எடுத்தார்கள். ஸ்கேன் கருவியில் பார்த்து இடம் குறித்து, அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பையில் வடியவிடுவார்கள். ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. முதல் தடவை நான்கரை லிட்டர் வந்தது. லேசான மஞ்சள் நிறம். வடிய நான்கு மணி நேரம் ஆனது. எழுந்து உட்கார்ந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "மூச்சு வருதுடா." அன்று ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டாள். மறுநாள் காலை மனைவியோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினாள்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் மறுபடி அதே வயிறு.

இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. நீர் எடுப்பது நோய்க்கு வைத்தியம் இல்லை, மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இடம் பண்ணிக் கொடுப்பது. மறுபடி சேரும். என் நோட்டில் இருக்கிறது: முதல் தடவைக்கும் இரண்டாவதுக்கும் இடையே 12 நாள், அடுத்தது 9 நாள், அதற்கடுத்தது 7 நாள்.

அந்த நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் காலையில் தையல்காரர் டேப்பால் தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு, எடை, சாப்பிட்டது, சிறுநீர், மலம், வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதுவேன். டாக்டரம்மா மற்ற ரிப்போர்ட்டுகளைவிட அதைத்தான் முதலில் கேட்பார். மூச்சு முட்டி நடுராத்திரி ஓடாமல், இரண்டு நாள் முன்பே அப்பாயின்ட்மென்ட் வாங்க அது உதவியது. தெரிந்த கணக்கை உருப்படியாகச் செய்தது இந்த ஒன்றுதான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நீர் எதனால் சேர்கிறது, மாத்திரை கேட்குமா? ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால், எப்போது நிறுத்த வேண்டும்? எவ்வளவு எடுப்பீர்கள், அல்புமின் ஏற்ற வேண்டுமா? ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால், முக்கியமாக ஈரல் கெட்டவர்களுக்கு, அது தேவைப்படலாம். கடைசியாக, அட்மிட் ஆக வேண்டுமா, காலையில் வந்து சாயந்திரம் போகலாமா? முதலில் நாங்கள் போன இடத்தில் ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் அட்மிஷன், முன்பணம் என்றார்கள். வேறு இடத்தில் அதே வேலையைப் பகல் நேரப் பிரிவில் முடித்து அனுப்பினார்கள். கேட்காவிட்டால் நமக்குத் தெரியாது.

நான்காவது தடவைக்குப் பிறகு, "அடிக்கடி குத்துவதைவிடக் குழாயை உள்ளேயே வைத்துவிடலாம்" என்றார் டாக்டரம்மா. கிருமி தொற்ற வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். அக்காவையே கேட்டோம். "ஆட்டோவில் போய் வருவதுதான் உயிரை வாங்குது, வெச்சிடுங்க" என்றாள். கேம்ப் ரோடு சிக்னலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத்தான் தெரியும். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டிலேயே, சொன்ன அளவுக்கு மேல் போகாமல் வடித்தோம். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, குழாய் வாயைத் துடைப்பது, கட்டு ஈரமானால் மாற்றுவது எல்லாம் நர்ஸ் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் என் கை நடுங்கியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர் காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, வடியும் நீர் கலங்கலாகவோ திடீரென்று ரத்தமாகவோ வருவது, பேச்சில் குழப்பம், சிறுநீர் நின்றுபோவது, எழுந்தால் மயக்கம். இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு காலும் வீங்குவது இந்த நோயில் சகஜம். ஒரே கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

அன்றாடம் உதவியவை எல்லாம் சின்ன விஷயங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காமல் முதுகுக்குச் சாய்மானம். பகலில் அத்தானின் பழைய ஈஸிசேர். நாடா இல்லாத தளர்ந்த நைட்டி. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு மணிக்கு ஒருதரம் கொஞ்சம்: பாதி முட்டை, தயிர், பருப்புக் கஞ்சி. கணையம் சுரக்க வேண்டிய நொதிகளை கேப்சூலாகக் கொடுத்தார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பலன். விரிந்த வயிற்றுத் தோல் அரிக்கும், தேங்காயெண்ணெய் தடவினோம்.

நம் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் நிறைய அனுப்பினீர்கள். வாழைத்தண்டு ஜூஸ், நீர்முள்ளிக் கஷாயம், பார்லி, இளநீர். அன்பால் அனுப்பியது, தெரியும். ஆனால் நீர் பிரிய அக்காவுக்குக் கொடுத்த மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் வகை. அதோடு இளநீரும் வாழைத்தண்டும் தினமும் போனால் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பையே பாதிக்கலாம் என்றார் டாக்டரம்மா. எதைக் கொடுப்பதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வலிக்கு மார்ஃபின். பேரைக் கேட்டதும் நான் பயந்தேன். போதை, பழக்கமாகிவிடும், சீக்கிரம் போய்விடுவாள் என்று. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி ஒன்றும் இல்லை. வலி போய், நிம்மதியாகத் தூங்கினாள். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தைக் கூடவே ஆரம்பிக்க வேண்டும். இந்த மருந்து கிடைப்பது ஒரு காலத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே வாங்கி வைக்காமல் இருந்தன. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடியதில், 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. நம் ஊரில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104-க்கு போன் செய்தும் விசாரிக்கலாம். பேலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து, நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு மாத வலியை அக்கா சும்மா அனுபவித்தாள்.

அவளிடம் நோயின் பெயரையும் மறைத்தோம். "வயிற்றில் புண்" என்றோம். குழாய் வைத்த பிறகு ஒரு நாள் டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன தெரியணும்மா?" என்று கேட்டார். அக்கா, "எனக்குப் புற்றுநோய்னு தெரியும். இவனுக்குத் தெரியுமான்னுதான் தெரியலை, பாவம்" என்றாள். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வீடு லேசாகிவிட்டது. பேச வேண்டியதைப் பேசினோம். கையெழுத்து நேராக இருக்கும்போதே நாமினி, லாக்கர், மதுராந்தகம் வீட்டுப் பத்திரம் எல்லாம் முடித்தோம். கை நடுங்கினால் சாட்சியோடு பெருவிரல் ரேகையும் பேங்கில் செல்லும், ஆனால் முன்கூட்டியே செய்தால் சிரமம் இல்லை. மகளை வரச் சொன்னாள். "காரியத்துக்கு வர வேண்டாம், இப்ப வா" என்றாள். அவளும் வந்து மூன்று வாரம் இருந்தாள்.

கார்த்திகை தீபத்தன்று பால்கனியில் ஈஸிசேரைப் போட்டு உட்கார வைத்தோம். எதிர் பிளாக்கில் நீங்கள் எல்லோரும் வைத்த அகல்விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஐந்து நாள். கடைசி இரண்டு நாள் நீர் வடிப்பதை நிறுத்தினோம். இனி அதனால் பலன் இல்லை, ரத்த அழுத்தம்தான் இறங்கும் என்றார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமா மாமா?" என்று மகள் கேட்டாள். ஐ.சி.யூ. வேண்டாம், இந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அதனால் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. விடியற்காலை, வாய் உலர்ந்திருந்தது. ஸ்பூனில் தண்ணீர் விட்டேன். இரண்டு ஸ்பூன் இறங்கியது. மூன்றாவது வெளியே வந்துவிட்டது.

அந்த எட்டு நாள் நான் அளந்து வைத்த பாட்டில் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

வீட்டில் இறந்தால் போலீஸ் வரும் என்று ஒரு பயம் உண்டு. நோயால் இயற்கையாக இறந்தவருக்கு, கவனித்து வந்த டாக்டர் 4ஏ படிவத்தில் காரணம் எழுதிக் கொடுப்பார். 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரே ஃபைலில் வையுங்கள்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: நம் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. செப்டம்பரில் ஒரு ராத்திரி மூச்சு முட்டி 108 வந்தபோது, அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, வாட்ச்மேனும் சி பிளாக் பையன்கள் இரண்டு பேரும் மூன்று மாடி தூக்கி இறக்கினார்கள். அவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். லிஃப்டில் நுழையும் அளவில் மடக்கு வீல்சேர் ஒன்று சங்கம் வாங்கி, கீழே வாட்ச்மேன் அறையில் வைக்கலாம்.

இரண்டு: எங்களிடம் முதுகுச் சாய்மானம், கமோடு நாற்காலி, கட்டில் மேஜை இருக்கிறது. மூன்றையும் சங்கத்துக்குக் கொடுக்கிறேன். உங்கள் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கும். ஒரு அலமாரியும் ஒரு பதிவேடும் போதும், யாருக்குத் தேவையோ எடுத்துக்கொண்டு திருப்பித் தரலாம். பதிவேட்டை நான் எழுதுகிறேன், பழக்கப்பட்ட வேலைதானே.

இன்னொன்று, இது வேண்டுகோள் இல்லை. நோயாளி உள்ள வீட்டாரை லிஃப்டில் பார்த்தால், "எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வதென்று அவர்களுக்குத் தெரியாது. "நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன், நீங்க குளிச்சிட்டுத் தூங்குங்க" என்று சொல்லுங்கள். நான்காவது மாடி அம்மா எங்களுக்கு அப்படித்தான் செய்தார். அந்த ஒரு மணி நேரம்தான் என் மனைவியை நிற்க வைத்தது.